நாற்பதடிக் குழலின் நிழல்

விண்ணை நோக்கத் தொடங்கிய எவரையும் ஒரு மயக்கம் விரைவிலேயே பற்றிக்கொள்ளும். கையிலுள்ள கருவியில் தெளிவற்றுத் தோன்றுவது, அதனினும் பெரிய கருவியில் துலங்கும் என்னும் மயக்கம் அது. சிறு குழல் வாங்கியவன் சில திங்களில் நீண்ட குழலை விரும்புவான். நீண்ட குழல் கைவந்ததும் அகன்ற குழலை விரும்புவான். இவ்விருப்பம் முற்றிலும் பொய்யன்று. பெரிய ஆடி மிகுந்த ஒளியைத் திரட்டும் என்பது இயற்கை விதி. ஆனால், வானத்தின் மீதிருந்த வேட்கை எந்த இடத்தில் கருவியின் மீதான வேட்கையாக மாறுகிறது என்பதை அறிவது அரிது. மாபெரும் அறிஞர்க்கும் அது எளிதாக இருந்ததில்லை. கதிரவன் குடும்பத்தின் எல்லையை இரு மடங்காக விரித்துக் காட்டிய வில்லியம் ஹெர்ஷலின் வாழ்க்கை இதற்குச் சான்று.

ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் ஐசக், படைப்பிரிவின் இசைக் குழுவில் ஓபோ என்னும் ஊதுகருவியை இசைத்தவர். மகனும் அதே குழுவில் சேர்ந்தார். 1757இல் ஹாஸ்டன்பெக் போர்க்களத்தின் அல்லல்களைக் கண்டபின் இங்கிலாந்து சென்று, இசைப் படிகளை எழுதிக் கொடுத்தும், இசை பயிற்றியும், ஊர் ஊராகச் சென்று வாசித்தும் வயிறு வளர்த்தார். இறுதியில் பாத் நகரின் ஆக்டகன் வழிபாட்டுக் கூடத்தில் ஆர்கன் இசைப்பவராக அமர்ந்தார். செல்வர்கள் நீராட வரும் அந்நகரில் மாணாக்கர்க்குக் குறைவில்லை. இசை விழாக்களுக்கும் குறைவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் மதிப்பும் வருவாயும் உள்ள இசையாசிரியராக அவர் நிலைபெற்றார்.

1772இல் அவர் ஹானோவர் சென்று தங்கை கரோலினைத் தம்முடன் அழைத்து வந்தார். இளமையில் கண்ட நச்சுக் காய்ச்சலால் வளர்ச்சி தடைப்பட்டு, நாலேகால் அடி உயரத்தோடு நின்றுவிட்ட பெண் கரோலின். தாய் அவரை வீட்டு வேலைக்கே உரியவராகக் கருதினார். அவ்வேலைக்கு ஓர் ஆளை அமர்த்திக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக ஏற்றுக்கொண்ட பின்னரே அண்ணனால் தங்கையை அழைத்துவர முடிந்தது. கரோலினைப் பாடகியாக்குவதே அண்ணனின் எண்ணம். அவரும் இசை விழாக்களில் முதன்மைப் பாடகியாகும் அளவுக்குத் தேர்ந்தார். ஆனால், அவ்வீட்டில் இசை நெடுநாள் தனியாட்சி செய்யவில்லை.

இசையின் கணக்கியலை விளக்கிய ராபர்ட் ஸ்மித்தின் நூலைப் பயின்ற ஹெர்ஷல், அதே ஆசிரியர் ஒளியியலைப் பற்றி எழுதிய நூலுக்குச் சென்றார். தொலைநோக்கியை எவ்வாறு செய்வது என்பதை அந்நூல் கூறிற்று. 1773இல் பெர்கூசனின் வானியல் நூலை வாங்கினார். இரண்டடிக் குழல் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அது நிறைவு தரவில்லை. வில்லைகளை வாங்கி நாலடிக் குழல் அமைத்தார்; பிறகு பன்னிரண்டடி, பதினைந்தடி, முப்பதடி. தங்கை அட்டையால் குழல்களை ஒட்டித் தந்தார். நீளம் கூடக் கூடக் குழல்கள் வளைந்தன. அவற்றைக் கையாள்வதே பெரும்பாடாயிற்று. வில்லைக்கு மாற்றாக ஆடியை வைத்துச் செய்யும் தொலைநோக்கியே தக்கது என்று தெளிந்தார். ஆனால், அவர் விரும்பிய அளவில் ஆடி செய்து விற்பவர் எவரும் இலர். பொழுதுபோக்காக ஆடி மெருகிட்டுவந்த பாத் நகரத்தார் ஒருவர் தம் கருவிகளையும் அரைகுறை ஆடிகளையும் விற்க முன்வந்தபோது, அவை அனைத்தையும் ஹெர்ஷல் வாங்கிக்கொண்டார். வாங்கும் வேட்கை அன்று செய்யும் வேட்கையாக மாறிற்று.

அக்காலத்து ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்ணிற உலோகத்தை உருக்கி வார்த்து, தேய்த்து, மெருகிட்டுச் செய்வது. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியும் இவ்வின உலோகமே. முகம் பார்க்கும் ஆடிக்கு மெருகு போதும். விண்மீனின் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் ஆடிக்கோ வளைவில் மயிரிழைப் பிழையும் ஆகாது. ஹெர்ஷலின் வீடு பட்டறையாயிற்று. விருந்தினர் அமரும் கூடத்தில் தச்சர் குழலும் தாங்கியும் செய்தார். படுக்கையறை ஒன்றில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் எந்திரத்தை நிறுவினார். பாடம் சொல்லி முடித்த இடைவேளையில், அரங்கிற்குரிய உடையோடு பட்டறைக்கு ஓடிவரும் ஹெர்ஷலின் சட்டைக்கை மடிப்புகளில் உருக்கிய கீல் தெறித்துப் பாழாகும். ஏழடிக் குழலின் ஆடியை மெருகிட்டபோது, பதினாறு மணி நேரம் அவர் கையை எடுக்கவில்லை. கரோலின் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் இட்டார். அவர் கை ஓயாது சுழலுகையில், அருகிருந்து டான் குவிக்சாட்டையும் அராபிய இரவுக் கதைகளையும் படித்துக் காட்டினார்.

பாத் நகரில் இருந்த ஆண்டுகளில் ஏழடிக் குழலுக்கு இருநூறுக்குக் குறையாமலும், பத்தடிக் குழலுக்கு நூற்றைம்பதும், இருபதடிக் குழலுக்கு எண்பது அளவிலும் ஆடிகள் செய்ததாக அவரே பின்னாளில் கணக்கிட்டார். இவற்றுள் பெரும்பாலானவை சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகச் செய்து பார்த்தவை. பிழைத்ததை ஒதுக்கி மீண்டும் தொடங்கும் உழைப்பு அது. கவிஞர்க்கு இவ்வுழைப்பு புதிதன்று.

1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு, நியூ கிங் தெரு வீட்டில், ஏழடிக் குழலில் ஹெர்ஷல் வானத்தை வரிசைமுறையில் ஆராய்ந்து கொண்டிருந்தார். குழலின் ஆடி ஆறேகால் அங்குலத்திற்கும் சற்றே குறைந்த விட்டமுடையது. ரிஷப, மிதுன விண்மீன்களின் எல்லையருகே ஓர் ஒளிப்புள்ளி மற்றவை போலன்றிச் சற்றே பருத்துத் தோன்றியது. 227 மடங்கு பெருக்கிக் காட்டிய வில்லையை நீக்கி, 460 மடங்கு, 932 மடங்கு பெருக்கும் வில்லைகளை மாற்றி நோக்கினார். விண்மீன்கள் அவ்வாறு பருக்கவில்லை. அது மட்டும் பருத்தது. சில நாள் கழித்து அது இடம் பெயர்ந்திருந்தது. வால்வெள்ளி எனக் கருதி அறிவித்தார். அது சனிக்கும் அப்பாலுள்ள கோள் என்று பிற அறிஞர்களின் கணக்குகள் காட்டின. அதுவே யுரேனஸ். வரலாறு எழுதப்பட்ட காலத்தில் மனிதர் புதிதாகக் கண்ட முதற்கோள் அதுவே.

இங்கே ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். யுரேனஸ் அதற்கு முன் எவர் கண்ணிலும் படாத பொருளன்று. கிரீனிச் வானாய்வகத்தின் பிளாம்ஸ்டீட் 1690இலேயே அதனைக் கண்டு, விண்மீன் என எண்ணிட்டுக் குறித்துவைத்தார். பிரெஞ்சு நாட்டு லெமோனியே பலமுறை கண்டும் கோளென உணராது விட்டார். நல்ல கருவிகள் அவர்களிடமும் இருந்தன. ஹெர்ஷலிடம் கூடுதலாக இருந்தவை, தம் கையால் செய்து நாள்தோறும் பழகிய ஒரு குழலும், ஒவ்வொரு விண்மீனையும் தவறாமல் பார்க்கும் ஒழுங்குமே. மறு ஆண்டு கிரீனிச்சில் அரசு வானியலாளர் மாஸ்கலின் முன்னிலையில் அவ்வேழடிக் குழலை அங்கிருந்த கருவிகளோடு ஒப்பிட்டபோது, இசையாசிரியரின் குழலே விஞ்சியது. பார்வையும் ஒரு கலை. ஆர்கனில் அரிய இசைப்படைப்பை வாசிக்கப் பயிற்சி வேண்டுவது போல, நுண்மையாகக் காண்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று ஹெர்ஷல் அவ்வாண்டில் நண்பர் ஒருவர்க்கு எழுதினார். இதனை அவரினும் நன்கு உணர்ந்தவர் எவருமிலர். உணர்ந்தவரே மயங்கினார் என்பதுதான் இவ்வாழ்க்கையின் விந்தை.

யுரேனஸைக் கண்ட அதே ஆண்டு ஆகஸ்டில், முப்பத்தாறு அங்குல ஆடி ஒன்றை வீட்டின் கீழறையிலேயே வார்க்க முற்பட்டார். அச்சுக்கு வேண்டிய குதிரைச் சாணத்தைக் கரோலின் நாட்கணக்கில் இடித்துச் சலித்தார். முதல் முறை அச்சு ஒழுகி, ஆடி ஆறுகையில் விரிந்து பிளந்தது. இரண்டாம் முறை உலையே ஒழுகிற்று. உருகிய உலோகம் தரையில் ஓடியதும் கற்பலகைகள் வெடித்துக் கூரையளவு பறந்தன. அண்ணனும் தம்பியும் வார்ப்பாளரும் உயிர் தப்ப ஓடினர். ஹெர்ஷல் களைத்துச் செங்கற் குவியலின்மேல் விழுந்தார். அன்று அம்முயற்சி நின்றதேயன்றி, ஆசை நிற்கவில்லை.

1782இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் வழங்கினார். இசையால் ஈட்டியதினும் அது குறைவு. ஆயினும் ஹெர்ஷல் இசைத் தொழிலை விட்டு, மன்னரின் விண்ட்சர் மாளிகைக்கு அண்மையிலுள்ள டாட்செட்டில் குடியேறினார். கரோலினும் பாடுவதை விட்டார். அவர் விருப்பத்தை எவரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. வருவாய்க் குறைவை ஈடுகட்ட ஹெர்ஷல் தொலைநோக்கிகளைச் செய்து விற்றார். மன்னர்களும் பெருமக்களும் வாங்கினர். ஸ்பெயின் மன்னருக்கென 3,150 பவுன் விலையில் இருபத்தைந்தடிக் குழல் ஒன்று 1802இல் மாட்ரிட் சென்றது. 1808இல் நெப்போலியனின் படையினர் அதனை அழித்தனர். விற்ற குழல்களுள் உண்மை ஆய்வுக்குப் பயன்பட்டவை மிகச் சிலவே. சிறந்த கருவியை வாங்கியோர் பலர். அதனோடு இரவுகளைக் கழித்தோர் சிலர்.

1783இல் அமைந்த இருபதடிக் குழலே ஹெர்ஷலின் வாழ்நாட் கருவி எனத் தகும். அதன் ஆடி பதினெட்டு அங்குலத்திற்குச் சற்று மேற்பட்டது. குழலின் வாயருகே மேடையில் நின்று அவர் காண்பதைச் சொல்வார்; கீழே சாளரத்தருகே விளக்கொளியில் அமர்ந்து கரோலின் நேரத்தோடு எழுதிக்கொள்வார். அவ்வாண்டின் கடைசி நாளிரவு, உருகும் பனியில் விரைந்து ஓடிய கரோலின் இரும்புக் கொக்கியொன்றில் விழுந்து தொடையில் ஆழ்ந்த காயமுற்றார். ஆயினும் பணி தொடர்ந்தது. இருபது ஆண்டுக் காலத்தில் விண்முகில்களும் விண்மீன் கொத்துகளுமாக 2,500 பொருள்கள் மூன்று பட்டியல்களில் வெளிவந்தன. அதற்கு முன் மெசியேயின் பட்டியலில் இருந்தவை நூறு அளவினவே. பால்வீதியின் வடிவை விண்மீன்களை எண்ணி வரைய முயன்றதும், 1787இல் யுரேனஸின் இரு நிலவுகளான டைட்டானியாவையும் ஓபெரானையும் கண்டதும் இக்குழலாலேயே.

இத்துணை தந்த கருவி கையிலிருக்கும்போதே, அதனினும் இருமடங்கு நீண்ட நாற்பதடிக் குழலுக்குத் திட்டம் எழுந்தது. 1785இல் மன்னர் 2,000 பவுன் அளித்தார். அது போதாமல் 1787இல் மேலும் 2,000 பவுனும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் 200 பவுனும் அளித்தார். ஹெர்ஷலின் இல்லம் ஸ்லோ என்னும் ஊருக்கு மாறியது. தோட்டத்து மரங்கள் வெட்டப்பட்டன. தச்சரும் கொல்லரும் கொத்தரும் திரண்டனர். வட்டமான செங்கல் அடித்தளத்தின்மேல் உருளைகளில் சுழலும் மாபெரும் மரச்சட்டம் எழுந்தது. நாற்பத்தெட்டு அங்குல ஆடியை மெருகிட, முதுகில் எண் எழுதிய உடையணிந்த ஆட்கள் அணியணியாக நின்று உழைத்தனர். முதல் ஆடி நடுவில் மெலிந்துபோயிற்று. அடுத்து வார்த்த தடித்த ஆடி ஏறத்தாழ ஒரு டன் எடை. இரும்புத் தகட்டுக் குழல் தரையில் கிடந்த காலத்தில், காண வந்தோர் அதனுள் நடந்து சென்று வியந்தனர்.

அவ்வேலைகளுக்கிடையே, 1786 கோடையில், மன்னரின் அன்பளிப்பாகிய பத்தடிக் குழலொன்றை ஒப்படைக்க ஹெர்ஷல் கோட்டிங்கன் நகரம் சென்றார். அண்ணன் இல்லாத அந்நாட்களில் கரோலின் தமக்குரிய சிறு குழலை எடுத்துக்கொண்டார். இரண்டடி நீளமே உடைய எளிய கருவி அது. ஆகஸ்டு முதல் நாள் இரவு அதில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். 1797க்குள் எட்டு வால்வெள்ளிகள் அவர் கண்டுபிடிப்பாயின. 1787 முதல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் வழங்கினார். நாற்பதடிச் சட்டத்தின் நிழல் விழுந்த அதே தோட்டத்தில், இரண்டடிக் குழலோடு ஒரு பெண் அமைதியாக வானத்தை அளந்துகொண்டிருந்தார்.

1789ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், நாற்பதடிக் குழல் சனியின் ஆறாம் நிலவாகிய என்செலடஸைக் காட்டிற்று. செப்டம்பரில் ஏழாம் நிலவாகிய மிமாஸ் தெரிந்தது. தொடக்கம் சிறப்பாகவே இருந்தது. ஆனால், என்செலடஸ் 1787இலேயே சிறிய கருவியில் அவர் கண்ணிற் பட்டு, உறுதிப்படாமல் நின்ற ஒன்று. அதன்பின் அப்பெருங்குழல் புதிதாக ஒன்றையும் தரவில்லை என்றே சொல்லலாம். பெரிய ஆடி வெடியாதிருக்கச் செம்பை மிகுதியாகக் கலக்க நேர்ந்தது. செம்பு மிகுந்ததால் ஈரக்காற்றில் ஆடி விரைவில் கறுத்தது. தன் எடையாலேயே அது வளைந்தது. குழலைத் திருப்ப ஆட்கள் வேண்டும். ஆயத்தம் செய்வதற்குள் முகில் மூடிவிடும். இருபதடிக் குழலோ, வானம் திறந்த கணமே ஆயத்தமாக இருந்தது. எனவே விண்முகில்களைத் தேடும் பணி முழுவதும் இருபதடிக் குழலிலேயே நடந்தேறியது.

உலகமோ பெருங்குழலையே காண வந்தது. அரச குடும்பத்தினரும் அறிஞரும் அயல்நாட்டாரும் வந்தவண்ணம் இருந்தனர். இசைமேதை ஹைடன் 1792இல் ஸ்லோவுக்கு வந்து அதனைக் கண்டு சென்றார். மன்னரின் பொருளால் எழுந்ததைப் பயனற்றது என்று வெளிப்படச் சொல்லவும் இயலாது. ஆயினும் ஹெர்ஷல் கணக்கறிந்தவர்; தம்மையே ஏமாற்றிக்கொள்ளும் இயல்பினர் அல்லர். 1800இல் எழுதிய கட்டுரையில், ஆண்டொன்றில் பெருங்கருவிகளுக்குத் தகுந்த நல்ல வானம் வாய்ப்பது நூறு மணி நேரத்திற்கு மேற்படாது என்று கணித்தார். நாற்பதடிக் குழலை ஆயிரம் மடங்கு பெருக்கத்தோடு பயன்படுத்தி, வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் கண நேரம் மட்டுமே நோக்குவதற்கு 598 ஆண்டுகள் ஆகும். தென்வானில் எஞ்சிய பகுதிக்கு மேலும் 213 ஆண்டுகள் வேண்டும். ஐம்பதாம் வயதில் முடித்த கருவியின் முன் நின்ற ஒருவர், அறுபதைக் கடந்த பின் எழுதிய கணக்கு இது. கருவியின் ஆற்றலை அளக்கப் புகுந்தவர், மனித வாழ்நாளின் அளவைக் கண்டார்.

அதே 1800இல் அவர் செய்த மற்றொரு பெருங்கண்டுபிடிப்புக்குக் குழலே தேவைப்படவில்லை. ஒரு முப்பட்டகமும் சில வெப்பமானிகளும் மேசையும் போதுமாயின. பிரிந்து விழுந்த கதிரொளியில் ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் அளந்து வந்தவர், சிவப்புக்கு அப்பால் ஒளியே இல்லாத இடத்தில் வெப்பம் மிகுவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அவ்வாறு அறியப்பட்டது. 1803இல், சில இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்று நிறுவினார். இதற்கு உதவியவை இருபது ஆண்டுகளுக்கு முன் ஏழடிக் குழலில் தாமே எடுத்த அளவுகள். முன்பு எழுதியதையும் இன்று காண்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அசையாதவை எனப்பட்ட விண்மீன்கள் நகர்ந்திருந்தன. எந்தப் பணத்தாலும் வாங்க இயலாத கருவியாகிய காலம் அங்கே பயன்பட்டது.

நாற்பதடி ஆடியை அவர் கைவிடவும் இல்லை. கறுத்ததை மீண்டும் மெருகிட முதுமையிலும் முயன்று உடல் நலிந்தார். தங்கை அதனைக் கண்டு வருந்தினார். 1815இல் அக்குழலின் வழியாக இறுதியாக நோக்கினார். 1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் ஸ்லோவில் மறைந்தார். கரோலின் ஹானோவருக்குத் திரும்பி, அண்ணனின் விண்முகில்களை முறைப்படுத்தி ஒரு பட்டியல் செய்தார். அதற்காக 1828இல் லண்டன் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். 1848இல் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார்.

மகன் ஜான் ஹெர்ஷல் 1833இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார். தந்தை காணாது விட்ட தென்வானத்தை ஆராய்வதே நோக்கம். அவர் உடன்கொண்டு சென்றது புதுக்கிய இருபதடிக் குழலை. நான்கு ஆண்டுகள் அது அங்கே பணி செய்தது. நாற்பதடிக் குழலின் மரச்சட்டமோ ஸ்லோவில் உளுத்துப்போயிற்று. 1839இல் அதனைப் பிரித்தனர். அவ்வாண்டின் கடைசி இரவில் ஜான் தம் மனைவி மக்களோடு தரையில் கிடத்திய குழலினுள் அமர்ந்து, அதற்கெனத் தாமே இயற்றிய இரங்கற்பாடலைப் பாடினார். இசையாசிரியர் ஒருவரின் வேட்கையால் பிறந்த கருவிக்கு இறுதிச் சடங்கும் இசையாகவே அமைந்தது. குழலின் எஞ்சிய சிறு பகுதி கிரீனிச்சில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. இருபதடிக் குழலில் கண்டவை இன்றும் வானியலாரின் பட்டியல்களில் எண்களோடு வாழ்கின்றன.